டர்பன் வெயிலில் மாங்காய் வத்தல் ஏன் பூத்துப்போகிறது?

கேள்வி இதுதான். தூத்துக்குடியிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து குடியேறிய ஒருவர், ஜனவரி மாதம் மாங்காய் வத்தல் போட்டிருக்கிறார். ஊரில் அம்மா செய்வதுபோலவே கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, நாள் தவறாமல் வெயிலில் வைத்தும் நான்காம் நாளே பிசுபிசுத்துப் பச்சையாகப் பூத்துவிட்டதாம். எங்கே தப்பு என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: இங்கே இந்தியக் கடைகளில் ஆம்சூர், கோகம், குடம்புளி, மாதுளை விதை என்று உலர்ந்த புளிப்புப் பொட்டலங்கள் பலவும் கிடைக்கின்றன, வத்தலுக்கோ புளிக்கோ பதிலாக எதைப் போட்டாலும் ஒன்றுதானா?

உங்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை, மாதம்தான் பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் பச்சை மாங்காய் குவியும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் வெயிலும் கொளுத்துகிறது, மழையும் இருக்காது. அந்த இரண்டும் ஒன்றாக வருவதால்தான் மாங்காய் வத்தல் என்ற பண்டமே நம் வீடுகளில் உருவானது. இங்கே மாங்காய் வருவது நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. டர்பனில் ஆண்டு முழுக்கப் பெய்யும் ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் பெய்கிறது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பிற்பகலில் மேகம் கூடும், இரவெல்லாம் காற்று நனைந்தே இருக்கும். பகலில் போன ஈரம் ராத்திரியில் திரும்பி வந்துவிடும்.

தூத்துக்குடியும் கடலோரம்தானே, அங்கே மட்டும் எப்படிக் காய்கிறது என்று கேட்பீர்கள். கோடையில் அங்கே மழை மிகக் குறைவு, வெப்பம் 35 பாகையைத் தொடும், காற்று ஓயாமல் வீசும். உப்பளத்தில் உப்பு விளைகிற அதே வெயிலில்தான் உங்கள் அம்மாவின் வத்தலும் காய்கிறது. டர்பன் ஜனவரியில் பகல் வெப்பமே 28 பாகையை ஒட்டித்தான் இருக்கும்.

இதில் உப்பின் வேலையையும் கவனிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சாப்பாட்டு உப்புகூடக் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். கல்லுப்பில் மெக்னீசியம் உப்புகளும் கொஞ்சம் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். டர்பனில் கோடை இரவுகளில் ஈரப்பதம் அந்த 75ஐத் தாண்டித்தான் நிற்கும். ஆக, ஊரில் மாங்காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்த உப்பு, இங்கே காற்றிலிருந்து தண்ணீரை மாங்காய்க்குள் இழுத்துவிடுகிறது. தடவுகிற உப்பின் அளவும் பூசணத்தைத் தடுக்கப் போதாது, காயவும் விடாது. அப்படிப் பூத்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி காயவைக்காதீர்கள். பூசணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. கொட்டிவிடுங்கள்.

உங்களுக்கு மட்டும் வந்த சங்கடமில்லை இது. பழம் ஒரு பருவத்தில், வெயில் இன்னொரு பருவத்தில் என்றால் என்ன செய்வது என்பதற்கு இந்தியாவில் ஒவ்வொரு வட்டாரமும் ஒரு வழி கண்டிருக்கிறது. அந்த வழிகளைத் தெரிந்துகொண்டால் டர்பனில் என்ன செய்யலாம் என்பதும் பிடிபடும், கடைப் பொட்டலங்களில் எது எதற்கு என்பதும் புரியும்.

வட இந்தியாவுக்குச் சிக்கலே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் காற்று நெருப்பாக வீசும். முற்றாத மாங்காயைத் தோல் சீவி, வில்லை போட்டு, உப்பில்லாமலே காயவைத்து இடித்தால் ஆம்சூர். ஒடிசாவில் மாங்காயை உப்பிட்டுக் காயவைத்து 'அம்புலா' என்று வைத்துக்கொள்கிறார்கள், மீன் குழம்பிலும் கடுகு அரைத்த பதார்த்தங்களிலும் ஒரு துண்டு போட்டால் போதும். வங்காளத்து 'ஆம்ஷி'யும் அதே குடும்பம். நம் பக்கம் மாவத்தல், அடைமாங்காய். இவை எல்லாமே மழைக்கு முந்தைய வெயிலை நம்பியவை.

இமயமலை அடிவாரத்தில் காட்டு மாதுளை மழைக்காலம் முடிந்த பிறகு பழுக்கிறது. அந்தப் புளிப்பு மாதுளையின் முத்துகளைச் சதையோடு உலர்த்தினால் அனார்தானா. ராஜஸ்தானில் மழைக்குப் பிறகு வயலோரம் தானே படரும் சின்ன வெள்ளரி இனம் ஒன்று உண்டு, கச்ரி என்பார்கள். காயவைத்துப் பொடித்தால் புளிப்பும் கிடைக்கும், இறைச்சியும் மிருதுவாகும். இவர்களுக்கு மழை முடிந்த வறண்ட நாட்கள் கைகொடுக்கின்றன.

கொங்கணத்தில் நிலைமை நெருக்கடியானது. கோகம் பழம் ஏப்ரல், மே மாதங்களில் பழுக்கிறது, ஜூனில் மழை கொட்டத் தொடங்கிவிடும். அதற்குள் பழத்தைப் பிளந்து, கொட்டையும் சதையும் எடுத்துவிட்டு, தோலை மட்டும் உப்பும் பழச்சாறும் கலந்ததில் தோய்த்துக் காயவைக்க வேண்டும். காய்ந்ததை எடுத்து மறுபடி தோய்ப்பார்கள், மறுபடி காயவைப்பார்கள். அப்படிப் பல முறை செய்யும்போதுதான் செந்நிறத் தோல் கறுத்து, தடித்து, புளிப்பு ஏறுகிறது. கடையில் கோகம் வாங்கும்போது தொட்டுப் பாருங்கள். நல்ல கோகம் வளையும், கையில் லேசாக ஒட்டும், தண்ணீரில் போட்ட சில நிமிடங்களில் கருஞ்சிவப்புச் சாயம் இறங்கும். மொறமொறவென்று ஒடிந்தால் பழசு.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தது கேரளத்தின் வழி. குடம்புளி பழுப்பதே இடவப்பாதி மழையில், அதாவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில். வெயிலை நம்பினால் ஒரு பழமும் தேறாது. அதனால் பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து, கொட்டையை நீக்கி, வெயில் கிடைத்தால் கொஞ்சம் வாட்டிவிட்டு, மிச்சத்தை அடுப்புக்கு மேலே புகையில் உலர்த்தினார்கள். பிறகு உப்பும் தேங்காய் எண்ணெயும் தடவி மண்பரணியில் போட்டு வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். குடம்புளியில் நீங்கள் முகர்கிற அந்தப் புகைவாசம் மழைக்கு அவர்கள் கண்ட மாற்று. இன்றைக்குக் கோட்டயத்து மீன்கறிக்கு அந்தப் புகைவாசம் இல்லாவிட்டால் ருசியே கூடாது. குடகில் இதே பழத்தைக் காயவைக்காமல், அதன் சாற்றைக் கறுப்பாகச் சுண்டக் காய்ச்சிக் கச்சம்புளி எடுக்கிறார்கள், பன்றிக்கறிக்கு. அசாமிலும் இதன் உறவுக்காரப் பழம் ஒன்று உண்டு, தேகேரா. பெரிய பழமாக இருக்கும், வில்லை போட்டு உலர்த்தி மீன் குழம்பில் சேர்ப்பார்கள்.

சரி, இவை ஒன்றுக்கொன்று பதிலாகுமா? பெரும்பாலும் ஆகாது என்பதுதான் என் பதில். புளிப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனால் குழம்பில் ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு. நம் புளி புளிப்போடு சதையையும் கொண்டுவருகிறது. குழம்பு கெட்டிப்படுவதும் கறுப்பதும் அதனால்தான். அதன் புளிப்பு பெரும்பாலும் டார்டாரிக் அமிலம், எவ்வளவு கொதித்தாலும் குறையாது. குடம்புளியும் கோகமும் கரைவதில்லை, சாறு மட்டும் விடும். அதனால் குழம்பு தண்ணீராகவே நிற்கும். கேரளத்தில் தேங்காய்ப்பாலோ நிறைய மிளகாய்ப்பொடி விழுதோ சேர்ப்பது அந்தக் குறையை ஈடுகட்டத்தான். புளிக்குழம்பில் புளியை எடுத்துவிட்டுக் குடம்புளியைப் போட்டால் ஏதோ விட்டுப்போனதுபோல் இருப்பதும் இதனால்தான்.

ஆம்சூர் குழம்புக்கான பண்டமே இல்லை. உருளைக்கிழங்கு, வெண்டைக்காய், கொண்டைக்கடலை மாதிரி வறண்ட பதார்த்தங்களில், அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன் தூவ வேண்டியது. ஈரம் சேர்க்காமல் புளிப்பு மட்டும் வேண்டும் என்கிற இடத்தில் அதற்கு இணை கிடையாது. ஆனால் மாவத்தல் குழம்புக்கு ஆம்சூர் போட்டால் பல்லில் கடிபடும் அந்தத் தோலும் நாரும் எங்கிருந்து வரும்? கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட மாவத்தல் குழம்பில் வத்தல் காயாகவும் இருக்கிறது, புளியாகவும் இருக்கிறது. பொடியால் அந்த இரண்டாவது வேலையை மட்டும்தான் செய்ய முடியும்.

எதைப் போட்டாலும் ஒரு விதி பொது. பருப்பு குழைந்த பிறகே புளிப்பைச் சேருங்கள். புளிப்பில் பருப்பும் காயும் எளிதில் வேகாது. அப்புறம், அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பு அரிக்கும், வாசமும் கெடும். மண்சட்டி, இல்லையென்றால் எவர்சில்வர்.

டர்பன் கடைகளில் இந்தப் பொட்டலங்கள் எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக்கூலிகளாக 1,52,000க்கும் மேற்பட்டவர்கள் டர்பனைச் சேர்ந்த நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். பாதிக்கும் அதிகமானோர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். தோட்டத்தில் உணவுப்படியாகக் கிடைத்தவை அரிசி, பருப்பு, உப்புக்கருவாடு, எண்ணெய், உப்பு என்ற அளவில்தான். பின்னால் 1870களிலிருந்து குஜராத்திலிருந்து வணிகர்கள் சொந்தச் செலவில் வந்து கடை வைத்தார்கள். குஜராத்தியர் தங்கள் துவரம்பருப்புக்குக் கோகம் போடுகிறவர்கள், காய்கறிக்கு ஆம்சூர் போடுகிறவர்கள். அந்தச் சரக்குகள் பழைய கிரே தெருப் பக்கத்துக் கடைகளில் இன்றும் எளிதாகக் கிடைப்பதில் வியப்பில்லை. குடம்புளி, அண்மைக் காலத்தில் கேரளத்திலிருந்தும் தென் தமிழ்நாட்டிலிருந்தும் நம்மைப்போல வேலைக்கு வந்தவர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு பரவலானது என்று நினைக்கிறேன்.

பழைய தமிழ்க் குடும்பங்களின் புளிப்பு எது என்றால், புளிதான். டர்பன் மீன் குழம்பில் புளியும் தக்காளியும் பூண்டும் கறிவேப்பிலையும் இருக்கும், பருவத்தில் பச்சை மாங்காய்த் துண்டும் விழும். புளியமரம் வெப்பமண்டல ஆப்பிரிக்காவில்தான் தோன்றியது, இந்தியா போய் நம் அடுக்களையில் நிலைத்து, கூலிக்காரர்களின் மூட்டையில் ஆப்பிரிக்காவுக்கே திரும்ப வந்திருக்கிறது. மாங்காயை இவர்கள் வத்தலாக்கவில்லை. டர்பன் வட்டாரத்தில் நான் பழகிய வெருலம், டோங்காட், சாட்ஸ்வொர்த் வீடுகளில் மாங்காய் என்றால் அது எண்ணெயும் மிளகாயும் போட்ட அச்சார்தான். நான்கைந்து தலைமுறையாக இந்த ஊர் மழையோடு வாழ்ந்தவர்கள் எண்ணெயைத் தேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கத்துக் கோடையில் மாங்காயைக் காப்பாற்ற அதுதான் நம்பகமான வழி.

ஆனால் உங்களுக்கு வேண்டியது வத்தல். அதற்கும் வழி இருக்கிறது, அந்த அச்சாருக்குள்ளேயே இருக்கிறது. நாட்டின் வடக்கே லிம்போப்போ மாகாணத்தில் விளையும் மாங்காயில் கணிசமான பகுதி அச்சாருக்குப் போகிறது. பறித்த எல்லாவற்றையும் உடனே மசாலா கலந்துவிட முடியாது. வெட்டிக் கடும் உப்புநீரில் போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்து, வேண்டும்போது எடுப்பார்கள். நாமும் அதையே செய்வோம். டிசம்பரில் உப்பில் போட்டு, ஜூனில் வெயிலுக்குக் கொண்டுவருவது. டர்பனின் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் மழை குறைந்தவை, வானம் தெளிவாக இருக்கும், பகலில் 23 பாகை அளவு வெப்பம். சூடு கம்மியாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். காய்வதற்குச் சூட்டைவிட வறண்ட காற்று முக்கியம்.

செய்முறை இப்படி. கொட்டை முற்றுமுன்னான, கல்லுப்போலக் கெட்டியான புளிப்பு மாங்காய் வாங்குங்கள். அச்சார் மாங்காய் என்று கேட்டால் விக்டோரியா தெரு மார்க்கெட் பக்கம் கொடுப்பார்கள். கழுவித் துடைத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஆறவிட்டு, தோலோடு நீளவாக்கில் விரல் பருமனுக்கு நறுக்குங்கள். நறுக்கிய மாங்காய் 1 கிலோவுக்குக் கல்லுப்பு 200 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி. கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடைத்து, முதல் வாரம் தினமும் ஒருமுறை குலுக்குங்கள். இரண்டு நாளில் தண்ணீர் விட்டு நிற்கும். துண்டுகள் அந்தத் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். மேலே மிதக்கிற துண்டில்தான் முதலில் ஆடை படரும். சுத்தமான சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை உள்ளே வைத்து அமுக்கிவிடலாம். இருட்டான அலமாரியில் மே கடைசிவரை இருக்கட்டும். நிறம் பச்சையிலிருந்து பழுப்பு கலந்த மஞ்சளுக்கு மாறும், அது கெட்டதன் அடையாளமில்லை. வாசம் புளித்து மூக்கில் ஏறினாலோ துண்டு கூழானாலோதான் கெட்டது.

ஜூனில் ஊறல் நீரை வடித்துவிட்டு, துண்டுகளைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழியாமல் துணியில் ஒற்றுங்கள். ஊரில் மாலையில் திரும்ப ஊறலில் போட்டு மறுநாள் எடுப்போமே, அது இங்கே வேண்டாம். ஆறு மாதம் ஊறியதில் ஏற வேண்டிய உப்பெல்லாம் ஏறியாகிவிட்டது. காலை 9 மணிக்கு வெளியே வைத்து 3 மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் 5 மணிக்கே பொழுது சாய்கிறது, அதற்கு முன்பே காற்றில் ஈரம் திரும்பத் தொடங்கும். எடுத்ததைத் திறந்து வைக்காமல், மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். நல்ல வெயிலென்றால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

மொட்டைமாடி இங்கே ஏது? ஓட்டுக்கூரை வீடுகள். முற்றத்தில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, தட்டுக்குப் பதில் கம்பிவலைச் சட்டத்தில் பரப்புங்கள், அடியிலும் காற்று போகும். மேலே இன்னொரு வலைச் சட்டத்தை வைத்துக் கட்டியே ஆக வேண்டும். டர்பன் குரங்குகளுக்கு உப்பு மாங்காய் மேல் தனி ஆசை, வெறும் துணி மூடினால் துணியோடு தூக்கிக்கொண்டு போய்விடும்.

குளிர்காலக் கடைசியில், குறிப்பாக ஆகஸ்ட், செப்டம்பரில், டிராகன்ஸ்பெர்க் மலைப்பக்கமிருந்து கடலை நோக்கி ஒரு காற்று இறங்கும். பெர்க் விண்ட் என்று வானிலை அறிக்கையில் சொல்வார்கள். மேட்டுநிலத்திலிருந்து இறங்க இறங்கச் சூடாகி வறண்டுவிடும் காற்று அது. குளிர்காலத்திலேயே வெப்பம் 30 பாகையைத் தாண்டும், ஈரப்பதம் சரசரவென்று இறங்கும். தூத்துக்குடி சித்திரை மாதம் ஒரு நாள் விருந்துக்கு வந்ததுபோல் இருக்கும். அறிக்கையில் அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வத்தலை வெளியே வையுங்கள். சாதாரண நாட்கள் இரண்டு மூன்றில் காய்வது அந்த ஒரு நாளில் காயும். ஆனால் பின்னாலேயே கடற்காற்றும் தூறலும் வருவது வழக்கம், காற்றின் திசை மாறியதும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க, ஒரு துண்டை நடுவில் மடியுங்கள். தோல் பக்கம் வளைய வேண்டும், சதைப் பக்கம் கீறல்விட வேண்டும், நகத்தால் அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. மேலே வெள்ளையாகப் படிந்திருந்தால் பதறாதீர்கள், உப்பு பூத்திருக்கலாம். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்து, ஈரத்தில் கரைந்தால் அது உப்பு. பஞ்சுபோல் இருந்தால், பச்சையோ சாம்பலோ நிறம் காட்டினால் பூசணம். காய்ந்ததைச் சிறு சிறு பாட்டிலாகப் பிரித்து அடைத்து, வரும் கோடைக்கு முன் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஒரே பெரிய டப்பாவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் ஈரம் புகும். சமைக்கும்போது கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரின் உப்பைச் சுவைத்துப் பார்த்தபின் குழம்புக்கு உப்புப் போடுங்கள். பெரும்பாலும் போடவே வேண்டியிருக்காது.

ஆம்சூரை வீட்டிலேயே செய்ய நினைத்தால் குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உப்பில்லாத பண்டம் என்பதால் டிசம்பரிலேயே மின்அடுப்பில் (ஓவனில்) உலர்த்தலாம். தோல் சீவிய மாங்காயை மெல்லிய வில்லையாக்கி, 60 பாகையில், கதவை ஒரு மரக்கரண்டி அகலத்துக்குத் திறந்து வைத்து, இடையிடையே திருப்பிவிட்டு எட்டிலிருந்து பத்து மணி நேரம். டக்கென்று ஒடிய வேண்டும். சீவிய சதை 1 கிலோவுக்கு 150 கிராம்கூடத் தேறாது, அதற்குத் தயாராக இருங்கள். சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் உலர்ந்த மாம்பழம் இதற்கு உதவாது, அது பழுத்த பழத்தில் செய்த இனிப்பு.

இந்த ஊர்க் குளிர்காலத்துக்கென்றே அமைந்த பழம் என்றால் எலுமிச்சைதான். மாங்காய்க்குக் குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டும், எலுமிச்சையோ குளிர்காலத்திலேயே காய்க்கிறது. பழைய வீட்டுத் தோட்டங்களில் ரஃப் லெமன் என்று ஒன்று நிற்கும், தோல் கரடுமுரடாக, தடிப்பாக, கிட்டத்தட்ட நார்த்தங்காயின் குணத்தோடு. அடி பிரியாமல் நான்காகப் பிளந்து, உள்ளே உப்பை அடைத்து, ஜாடியில் பத்து நாள் ஊறவைத்துப் பிறகு வெயில். இதை மட்டும் ஊர் வழக்கப்படி மாலையில் சாற்றுக்குள் திரும்பப் போட்டு, சாறு முழுக்க வற்றும்வரை செய்ய வேண்டும். தோலின் கசப்பு அப்போதுதான் அடங்கும். கடை எலுமிச்சையானால் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் உப்பு உள்ளே இறங்காது. தயிர்சாதத்துக்கும் கஞ்சிக்கும் இதைவிட வேறு வேண்டாம் என்பேன். குழம்புக்கு மாவத்தலின் இடத்தை இது பிடிக்காது, கசப்பு முந்திக்கொள்ளும்.

கேப் டவுன் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் கதையே வேறு. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறட்சி. டிசம்பர், ஜனவரியில் அங்கே ஊர் முறைப்படியே நேராக வத்தல் போடலாம், காய்ந்துவிடும். மேபோஸ் என்ற உப்பும் இனிப்பும் கலந்த உலர் ஆப்ரிகாட் அங்கேதான் பிறந்தது. கேப் மலாய் வீடுகளில் ஆட்டுக்கறிக்குப் புளி சேர்க்கும் வழக்கமும் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் மேபோஸ் வாங்கி ஒருமுறை மிளகாய்த் துவையலில் அரைத்துப் பாருங்கள், இலந்தவடை தின்று வளர்ந்த நாக்குக்கு உடனே பிடிக்கும். வடக்கே லிம்போப்போவில் ஆனைப்புளி மரங்கள் இருக்கின்றன, பேயோபாப் என்பார்கள். அதன் காய்க்குள் இருக்கும் வெள்ளைச் சதை மரத்திலேயே மாவாக உலர்ந்துவிடும், யாரும் காயவைக்க வேண்டியதில்லை. அந்த மாவு இப்போது ஆரோக்கிய உணவுக் கடைகளில் கிடைக்கிறது. ரசத்தில் இறக்கும்போது அரைத் தேக்கரண்டி கலந்தால் மென்மையான புளிப்பு, அடியில் கொஞ்சம் மண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகக் குடம்புளி. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பொட்டலத்தை வீணாக்க வேண்டாம், அதற்கு இங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது. ஜூன், ஜூலையில் நேட்டால் கரைக்குச் சாளைக்கூட்டம் வரும்போது வலைக்காரர்கள் கரையிலேயே விற்பார்கள். நம் ஊர்ச் சாளைக்கு உறவுதான், அதே எண்ணெய்ப்பசை. கொழுப்புள்ள மீனுக்குப் புளியைவிடக் குடம்புளி பொருந்தும் என்பது என் தீர்மானமான எண்ணம். அரைக் கிலோ மீனுக்கு மூன்று சுளை போதும். கழுவி, கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, சுளையையும் ஊறின தண்ணீரையும் சேர்த்தே மண்சட்டியில் ஊற்றுங்கள். மிளகாய்ப்பொடியை எண்ணெயில் நன்றாக வதக்கிய பிறகே தண்ணீர் சேர வேண்டும். குழம்பு கொதித்து எண்ணெய் மிதக்கும்போது மீனைப் போட்டு, கரண்டி விடாமல் சட்டியைச் சுழற்றிவிடுங்கள். இந்தக் குழம்பை மறுநாள் சாப்பிட வேண்டும். ஆனால் ராத்திரி வைக்குமுன் சுவைத்துப் பாருங்கள். அப்போதே புளிப்பு சரியாக இருந்தால் சுளைகளை எடுத்துவிடுங்கள், உள்ளேயே கிடந்தால் காலைக்குள் கூடிப்போகும். இந்தப் பழத்தின் சாரத்தை உடம்பு இளைக்க என்று மாத்திரையாக விற்கிறார்கள், அதைத் தொடாதீர்கள். அப்படிச் செறிவாகச் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சட்டியில் விழும் மூன்று சுளைக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லை.